ஒன்பது முதல் ஐந்து வரை

உட்காருங்கள் அம்மா. அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. எட்டுப் பேர் சேராமல் இந்த ஷேர் ஆட்டோ நகராது. இப்போதைக்கு நாம் மூன்று பேர்; அந்த மூன்றாமவரும் வெற்றிலை வாங்கப் போயிருக்கிறார், திரும்புவாரோ மாட்டாரோ. பெட்டியை நிழலில் வையுங்கள். உங்களிடம் நான் ஒரே ஓர் உதவிதான் கேட்கப்போகிறேன். நீங்கள் எனக்குச் சாட்சி.

ஆம், சாட்சி. சற்றுமுன் மேலே, புறவழிச்சாலையில், அந்த நடத்துநர் என்னிடம் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்கும். நான் முன்வாசலில் அவனோடு நின்றேன். நீங்கள் பின்வாசல் வழியாக இறங்கினீர்கள். பேருந்து போனபின் திரும்பிப் பார்த்தால் பெட்டியோடு நீங்கள் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். "உங்க ஊருக்கு யாரு டீச்சர் வர்றா?" என்று கேட்டான். சத்தமாகவே கேட்டான். முதலாவது, நான் டீச்சர் இல்லை. இந்த ஊர்ப் பெண்கள் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவள். பதினோரு ஆண்டுகள் துறைத்தலைவர். பெயர் திரிபுரசுந்தரி. இரண்டாவது, எங்கள் ஊருக்கு யார் வருவார் என்று கேட்டானே, அந்தப் பேருந்திலேயே ஒருத்தி வந்தாள். என் தோழி. இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு என்னைப் பார்க்க வந்தாள். இறங்கவில்லை. போய்விட்டாள்.

புகாரை நானே எழுதிவிடுவேன். எனக்கு எழுத வரும். நீங்கள் கீழே கையெழுத்திட்டால் போதும்.

என்ன நாகராசு? இவன் இந்த ஆட்டோவின் ஓட்டுநர். இவன் மனைவி என் மாணவி, இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். என்ன சொல்கிறாய், உரக்கச் சொல்.

"மேடம், அந்தப் பஸ்சு மோட்டல்ல சாப்பாட்டுக்கு நிக்கும். இருபத்தஞ்சு நிமிஷம் நிப்பான். ஒம்பது கிலோமீட்டர்தான். இப்பவே எடுத்தா புடிச்சிரலாம். வேற சவாரி வேணாம், நான் கொண்டுபோய் விடறேன்."

வேண்டாம். கேட்டீர்களா, துரத்திக்கொண்டு ஓடவேண்டுமாம். அறுபத்தேழு வயதில் நான் ஓர் ஆட்டோவில் ஒரு பேருந்தைத் துரத்தவேண்டுமாம். இங்கே இரண்டு நிமிடம் நின்றது அல்லவா? இறங்க நினைத்தவள் இறங்கியிருப்பாள். நினைக்கவில்லை. அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு.

நீங்கள் இந்த ஊருக்குப் புதியவரா? கூட்டுறவு வங்கிக்கு மாற்றலா? நல்லது. உங்கள் பயணச்சீட்டில் சேந்தன்துறை என்று அச்சிட்டிருக்கிறார்கள், பாருங்கள். நீங்கள் இறங்கிய இடம் சேந்தன்துறை அல்ல. சேந்தன்துறைக்கு மூன்று கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஓர் எள்ளுக்கொல்லை. மேலே சாலை, அதிலிருந்து இறங்க முப்பத்தெட்டுப் படி, கீழே நாகராசுவின் ஆட்டோ. இதுதான் இன்று எங்கள் பேருந்து நிலையம்.

பழைய நிலையம் ஆற்றங்கரையில் இருக்கிறது. பேருந்தைவிட்டு இறங்கினால் கண்ணில் படுவது காவிரிதான். பாதிப் பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படித்துறையில் கால் நனைத்துவிட்டுத்தான் கடைத்தெருவுக்குப் போவார்கள். ஒரு நாளைக்கு நூற்றுத் தொண்ணூறு பேருந்து. நானே எண்ணினேன். பேருந்தின் கூரைகளில் வாழைத்தார் வந்து இறங்கும். மண்டியில் காலை ஐந்து மணிக்கே ஏலக் குரல் கேட்கும். இரண்டு திரையரங்கு, நான்கு லாட்ஜ். லாட்ஜில் மருந்துக் கம்பெனி விற்பனையாளர்கள் தங்கி, மாலையில் ஆற்றில் குளித்துவிட்டுத் துண்டோடு தெருவில் நடப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. இன்று போய்ப் பாருங்கள். 'கரூர்', 'திருச்சி', 'முசிறி' என்று ஊர்ப்பெயர்ப் பலகைகள் அப்படியே தொங்குகின்றன. ஒவ்வொரு பலகையின் கீழும் ஆடு படுத்திருக்கிறது. மண்டி புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. எங்கள் புறவழிச்சாலைக்கு அல்ல, பக்கத்து ஊரின் புறவழிச்சாலைக்கு. திரையரங்கு ஒன்று திருமண மண்டபமாகி, பிறகு உரக்கிடங்காகி, இப்போது பூட்டாகிவிட்டது. ஆறும் முன்போல இல்லை. அதற்கும் என்னையே காரணம் சொல்வார்கள் போலிருக்கிறது. மணலை நான் அள்ளவில்லை.

ஏன் என்னைச் சொல்கிறார்கள் என்று கேட்கமாட்டீர்களா? பரவாயில்லை, நானே சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

கல்லூரி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. இருந்தது என்ன, இருக்கிறது. ஒரு நாள் நான் தேவையும் அளிப்பும் பற்றி நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று ஹாரன். கரும்பலகையின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். ஐம்பது நிமிட வகுப்பில் எண்பத்தேழு. ஒரு மாதம் எண்ணவைத்தேன், ஒவ்வொரு பாடவேளைக்கும். அட்டவணை தயாரித்தேன். அதோடு ஒரு மனு எழுதினேன்: காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வெளியூர்ப் பேருந்துகள் நகருக்குள் வரக்கூடாது, நகருக்கு ஒரு புறவழிச்சாலை வேண்டும். மாணவியரைத் தெருத்தெருவாக அனுப்பிக் கையெழுத்து வாங்கினேன். ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து. பூக்கடை, சோடாக்கடை, லாட்ஜ், மண்டி எல்லோரும் போட்டார்கள். யாரையும் நான் வற்புறுத்தவில்லை. மேடம் கேட்கிறார்கள் என்று போட்டார்கள். அதில் என்ன தவறு? ஒரு படித்த பெண் சொன்னால் ஊர் கேட்கிறது என்று அன்று பெருமைப்பட்டேன், இன்றும் அதை மறுக்கமாட்டேன்.

ஒரே ஒருத்தி போடவில்லை. ஜைத்தூன் பீவி, கணிதத் துறை. இன்று பேருந்தில் வந்தாளே, அவள்தான்.

பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்டோம். என் டப்பாவை அவள் திறப்பாள், அவள் டப்பாவை நான் திறப்பேன். தன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. அவள் கணவர் சிக்கந்தர் பேருந்து நிலையத்தை ஒட்டி சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். அறுநூறு சைக்கிள் நிற்கும். சுற்றுக் கிராமத்து ஆட்கள் சைக்கிளை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். சீட்டு எல்லாம் கிடையாது. சீட்டின்மேல் சுண்ணக்கட்டியால் எண் போடுவார், அதாவது சைக்கிளின் இருக்கைமேல். எண்ணைக் கேட்காமல் ஆளைப் பார்த்தே வண்டியை எடுத்து வருவார். மாலை நான்கரைக்கு நாங்கள் இருவரும் அங்கே போய் உட்காருவோம். அவர் டீ வாங்கி வரச் சொல்வார். "மேடம், இன்னிக்கி எந்தப் புள்ளய அழவச்சீங்க?" என்பார். நல்ல மனிதர்.

ஆசிரியர் ஓய்வறையில் அவளிடம் மனுவை நீட்டினேன். வாங்கினாள். முழுவதும் படித்தாள். வேறு யாரும் படிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். படித்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கே திரிபுரம்" என்றாள். என்னை அப்படி அழைப்பவள் அவள் ஒருத்திதான். "நல்லா எழுதியிருக்கே, நான் போடல."

"உன் கணவரே போட்டிருக்கிறார். முந்நூற்றுப் பன்னிரண்டாம் கையெழுத்து. பார்" என்றேன்.

"அவரு உன்னய நம்பிப் போட்டாரு. நான் படிச்சுப் பாத்தேன்."

எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். பதினான்கு பேர் இருந்தார்கள். நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது முக்கியமில்லை. சைக்கிள் கணக்குக்கு மேல் உனக்கு எதுவும் தெரியாது என்ற பொருளில் ஏதோ சொன்னேன். அவள் கணிதத்தில் பல்கலைக்கழகத் தரவரிசையில் வந்தவள்; அவளுக்கே அது வேடிக்கையாகத்தான் பட்டிருக்கவேண்டும். ஆனால் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்று ஊரில் சொல்வார்கள். அது பிழை. அவள் பேசினால் பதில் சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன், அதே மேசையில், எதிர்முனையில்.

"மேடம், இன்னும் நேரம் இருக்கு. இந்த அம்மாவையும் ஏத்திக்கிட்டே போயிரலாம்."

நாகராசு, நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

புறவழிச்சாலை மூன்றே ஆண்டில் வந்தது. திறப்பு விழா மேடையில் எனக்கு மாலை போட்டார்கள். கீழே கூட்டத்தில் சிக்கந்தர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை தட்டினார். இரண்டு கையையும் விட்டுத் தட்டியதில் சைக்கிள் சாய்ந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர் பிடித்தார். அடுத்த பொங்கலுக்குள் ஸ்டாண்டில் அறுநூறு சைக்கிள் வெறும் நாற்பதாகக் குறைந்துவிட்டது. ஒன்பதுக்கு முன்னும் ஐந்துக்குப் பின்னும் பேருந்துகள் வரலாம் என்றுதான் நான் எழுதியிருந்தேன். தெளிவாக எழுதியிருந்தேன். ஓட்டுநர்களுக்குப் புறவழிச்சாலையிலேயே போய்ப் பழகிவிட்டது, எந்த நேரத்திலும் வரவில்லை. இதற்கு மனு எழுதியவளா பொறுப்பு? நான் கேட்டது ஒலி குறைய. பேருந்து குறைய அல்ல.

சிக்கந்தர் ஸ்டாண்டை மூடவில்லை, காலியான இடத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கினார். அது எனக்கு வகுப்பறை ஜன்னலில் தெரியும். ஆம், அமைதியாகத்தான் இருந்தது. துடைப்பச் சத்தம் கேட்கும் அளவுக்கு. பிறகு ஜைத்தூன் விருப்ப ஓய்வு வாங்கினாள், மகனோடு திருப்பூர் போனார்கள். அவள் போன நாளில் எனக்குத் தேர்வுக் கண்காணிப்பு இருந்தது. அவர் இறந்த செய்தி ஒன்றரை மாதம் கழித்துத்தான் எனக்கு வந்தது. கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். அனுப்பவில்லை. வாசித்துப் பார்த்தபோது அதில் விளக்கங்கள் அதிகமாக இருந்தன.

கிராமத்துப் பெண்கள் கல்லூரிக்கு எப்படி வருவார்கள், சொல்லுங்கள்? பேருந்து இல்லாமல்? இவன் மனைவி அப்படித்தான் நின்றாள். கணிதத் துறையை முதலில் மூடினார்கள். என் துறையில் கடைசி வகுப்பில் பதினொரு பெண்கள். எவ்வளவு நிசப்தமான வகுப்பு தெரியுமா? ஊசி விழுந்தால் கேட்கும். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டே அந்த அறையில் மேசைகளை அடுக்கிவிட்டார்கள்.

சென்ற வாரம் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். "திரிபுரம்" என்றது குரல்.

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும், ஒரு மரியாதைக்காக. "ம்" என்றேன்.

"வியாழக்கெழம நாகூர் போறேன். பேத்தி நிக்காஹ். அந்தப் பன்னெண்டு மணி பஸ்சு. ஊருக்குள்ள வந்துச்சுன்னா எறங்கி ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போறேன். மேலயே போயிட்டா நானும் போயிடறேன். முட்டி கேக்க மாட்டேங்குது, அத்தனை படி எறங்க முடியாது. மனசுல வச்சுக்காத."

அவ்வளவுதான் பேசினாள். மருமகளின் எண்ணிலிருந்து பேசினாள். அவளிடம் கைப்பேசி இல்லையாம். அதனால் இப்போது அழைத்துப் பேசவும் வழியில்லை, நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

மறுநாளே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பேருந்தாவது ஊருக்குள் வரட்டும் என்று எழுதிக் கொண்டுபோனேன். அங்கே ஓர் இளம் அதிகாரி, மிகப் பணிவானவர், கோப்பை எடுத்து வந்து விரித்தார். "மேடம், ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வெளியூர் பஸ் உள்ள வரக்கூடாதுன்னு ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. மொதல் கையெழுத்தப் பாருங்க, உங்க பேருலயே ஒருத்தங்க."

"நான்தான்" என்றேன்.

அவர் கோப்பை என் பக்கம் நகர்த்தினார். நான் வாங்கிப் படித்தேன். ஒரு சொல்லைக்கூட நீக்க முடியாது, அம்மா. அவ்வளவு இறுக்கமாக எழுதியிருக்கிறேன். அவரும் அதைத்தான் சொன்னார்: "இவ்ளோ நல்லா எழுதினா நாங்க எப்படி மேடம் மாத்துறது?"

ஆகவே இன்று நானே வந்தேன். காலையில் சமைத்துவிட்டு வந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை: வாழைப்பூ வடை, கத்தரிக்காய்க் குழம்பு, அவியல், சேமியாப் பாயசம், அவளுக்குப் பிடிக்கும் என்று மாங்காய்ப் பச்சடி. முப்பத்தெட்டுப் படியும் ஏறி ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். பேருந்து வந்தது. கை காட்டினேன். நின்றது. நடத்துநரிடம் முறையாகச் சொன்னேன், இது ஊருக்குள் போகவேண்டிய பேருந்து என்று.

"ஒம்போதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் போகக்கூடாது டீச்சர். ஆர்டர் இருக்கு" என்றான்.

"அந்த ஆணையின் காரணம் செத்துவிட்டது. கல்லூரியில் என் துறையே இல்லை. ஹாரன் அடித்தால் கேட்பதற்கு அங்கே ஆளில்லை. நான் சொல்கிறேன், அதை எழுதியவள் சொல்கிறேன், போ" என்றேன்.

"அத கலெக்டருட்டச் சொல்லுங்க. எறங்குறவங்க எறங்குங்க, ரெண்டு நிமிஷம் நிக்கிறேன். எனக்குத் திருச்சி டயம் போவுது."

நான் விடவில்லை. அவளால் படி இறங்க முடியாது என்பதற்காகத்தானே கேட்டேன்? சட்டத்தைச் சொன்னேன். பயணச்சீட்டில் அச்சிட்ட ஊருக்குக் கொண்டுபோய்விடுவது அவன் கடமை என்றேன். நுகர்வோர் உரிமையைச் சொன்னேன். வாதத்தில் நான்தான் வென்றேன், நீங்களே கேட்டீர்கள். பதில் இல்லாதவன்தான் அப்படிக் கேட்பான், உங்கள் ஊருக்கு யார் வருகிறார்கள் என்று. விசில் அடித்தான். போய்விட்டது. கண்ணாடிகளில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. எழுந்து வந்து ஒரு முகம் காட்டியிருக்கலாம். இருபத்தொரு ஆண்டுகள். ஒரு முகம்.

என்ன?

இல்லை, சொல்லுங்கள். சொல்ல வந்தீர்கள்.

உங்கள் பக்கத்து இருக்கையிலா?

பச்சைச் சேலை. முக்காடு. ஆமாம், இடது புருவத்தில் ஒரு வெட்டு. அவள்தான். கரூரிலிருந்து உங்களோடு பேசிக்கொண்டா வந்தாள்? அதை ஏன் நீங்கள் முதலிலேயே சொல்லவில்லை?

நான் விடவில்லையா?

சரி. நான் விடவில்லை.

பேருந்து நின்றவுடன் எழுந்தாளா? பையை மேலிருந்து நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்களா? உங்களுக்குப் பின்னாலேயே வந்தாள். சரி. நீங்கள் இறங்கினீர்கள். அவள் பேருந்துப் படியில் நின்றாள். எந்தப் படியில்? கடைசிப் படியிலா? ஒரு கால் கீழேயா? தரையிலா வைத்தாள்? முப்பத்தெட்டுப் படி இறங்கமாட்டேன் என்றவள் ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டாளா?

நான் அப்போது எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? நுகர்வோர் உரிமையையா?

எவ்வளவு நேரம் நின்றாள்?

என்னைப் பார்த்துக்கொண்டா நின்றாள்? கூப்பிட்டாளா? கூப்பிட்டாள். ஒரு முறையா, இரண்டு முறையா? எனக்குக் கேட்கவில்லை, அம்மா. சத்தியமாகக் கேட்கவில்லை. அவன் கத்திக்கொண்டிருந்தான். இல்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஏதாவது சொன்னாளா? சொல்லுங்கள். நான் எதையும் நேராகக் கேட்கக்கூடியவள்.

"அவ இன்னும் முடிக்கல."

அப்படியா சொன்னாள்? கோபமாகவா?

சிரித்தாளா? சிரித்துக்கொண்டா காலை மேலே எடுத்தாள்?

நாகராசு. நாகராசு, இருபத்தைந்து நிமிடம் என்றாயே, மணி என்ன?

"இந்நேரம் எடுத்திருப்பான் மேடம். போனாலும் கெடைக்காது."

சரி. நீ நில். வருகிறவர்களை ஏற்றிக்கொள், எட்டுப் பேர் சேரட்டும். நாங்கள் அடுத்த வண்டியில் வருகிறோம். உங்களுக்கு நேரம் இருக்கிறதா, அம்மா? வங்கியில் நாளைதானே சேரவேண்டும்? இருங்கள், சற்று இருங்கள். கரூரில் நீங்கள் ஏறியபோது அவள் நகர்ந்து இடம் விட்டாள் என்றீர்கள். உங்களைப் பார்த்து முதலில் என்ன கேட்டாள்? அதிலிருந்து தொடங்குங்கள். கடைசிப் படி வரை, எதையும் விடாமல். நான் குறுக்கே பேசமாட்டேன்.